லைட்டு கையிலா, துப்பாக்கியிலா?

வங்கி வாசலில் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் காவலரை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவர் காலடியில் ஒரு பேட்டரி லைட்டும் இருந்திருக்கும். அதை எத்தனை பேர் கவனித்தீர்களோ தெரியாது. நான் 1993 முதல் 2016 வரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவன். அதற்கு முன் 17 வருடம் மெட்ராஸ் ரெஜிமெண்ட். இந்த 23 வருட வங்கி வேலையில் துப்பாக்கியை ஒரு தடவைகூட யாரையும் நோக்கிச் சுட்டதில்லை. லைட்டை அடிக்காத ராத்திரி ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இதை எழுதக் காரணம் என் அக்கா மகன். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், டல்லாஸ் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. அங்கே 2021 செப்டம்பர் 1 முதல் 21 வயது நிரம்பிய, சட்டத்தடை எதுவும் இல்லாத ஆள் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கலாம். பையன் ஒன்று வாங்கிவிட்டான். அவன் அம்மாவுக்குத் தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துவிடும். வாட்ஸப்பில் படம் அனுப்பிக் கேட்டான்: "மாமா, இதுக்குக் கீழயே மாட்டுற லைட்டு ஒண்ணு விக்கிறாங்க. அதை வாங்கவா, இல்ல கையில வச்சுக்கிற லைட்டே போதுமா? நீங்க ராத்திரி காவல் பாத்தவுக, சொல்லுங்க."

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியே விசித்திரமாக இருக்கும். இங்கே துப்பாக்கி லைசென்ஸுக்குக் கலெக்டர் ஆபீஸ் படியேறி, போலீஸ் விசாரணை முடிந்து, கிடைத்தால் கிடைத்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று ரொக்கம் புரளும் சிவகாசிப் பக்கத்திலேயே இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் முதலாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் வைத்திருப்பதும் பெரும்பாலும் கான்பூரில் அரசு தொழிற்சாலை செய்கிற .32 ரிவால்வர்தான். அதில் லைட்டு மாட்ட இடமே கிடையாது. புதுக் காலத்து அமெரிக்கப் பிஸ்டல்களில் குழலுக்குக் கீழே சின்னத் தண்டவாளம் மாதிரி வரி வெட்டியிருக்கும், அதில் விளக்கைத் தள்ளினால் 'டக்'கென்று உட்காரும். நம் ரிவால்வரில் அது இல்லாததால் நம்மூரில் இந்த விவாதமே எழவில்லை.

ஆனால் எழுந்த இடம் ஒன்று உண்டு. எங்கள் 12 போர் துப்பாக்கி.

ரெட்டைக்குழல் துப்பாக்கிக்கு இரண்டு கையும் வேண்டும். வலது கை பின்கட்டையில், இடது கை குழலுக்கு அடியில். அப்புறம் லைட்டை எந்தக் கையால் பிடிப்பது? ராத்திரி டூட்டி பார்த்த ஒவ்வொரு காவலனும் தனக்குத் தானே ஒரு விடை கண்டுபிடித்திருப்பான். என்னோடு வேலை பார்த்த ஒரு முன்னாள் ராணுவத்துக்காரர், பெயர் வேண்டாம், சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து 3 கட்டை லைட்டைக் குழலுக்கு அடியில் இறுகச் சுற்றிவிட்டார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. "இப்ப ரெண்டு கையும் துப்பாக்கியில, வெளிச்சம் எங்கயோ குண்டு அங்க" என்று பெருமையாகச் சொல்வார்.

ஒரு வாரம் போனது. கணக்கு முடிக்கிற நாள், மேனேஜர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி 10 மணிக்கு மறுபடி கிளைக்கு வந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் நம்மாள் "யாரு?" என்று லைட்டைப் போட்டார். மேனேஜர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு வெளிச்ச வட்டம், அதற்கு மேலே இரண்டு ஓட்டை. மனுஷன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. மறுநாள் காலை முதல் வேலையாக டியூபை அறுக்கச் சொன்னார். எழுத்து மூலமாக ஒன்றும் வரவில்லை, ஆனால் அந்த மேனேஜர் மாற்றலாகிப் போகும்வரை ராத்திரியில் கிளைக்கு வந்தால் தெருமுனையிலிருந்தே சைக்கிள் மணி அடித்துக்கொண்டுதான் வந்தார்.

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் அதில்தான் முழு விவகாரமும் இருக்கிறது. லைட்டு என்பது யார் என்று பார்க்க. துப்பாக்கி, யார் என்று தெரிந்த பிறகு. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால் யார் என்று பார்க்கும்போதே குழலை நீட்டியாகிவிட்டது. ராணுவத்தில் சென்ட்ரி டூட்டியில் முதலில் "தம்! கௌன் ஆத்தா ஹை?" என்று அதட்டி நிறுத்தத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்பது முதலில், அடையாளம் பார்ப்பது அடுத்து, மற்றது அதற்கப்புறம். வெலிங்டன் குளிரில் 18 வயதில் மண்டையில் ஏற்றியது, இன்னும் இறங்கவில்லை.

மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னதும் சும்மா இருப்பானா. "மாமா, உங்க காலத்து லைட்டு மங்கல். இப்ப வர்றது 1000 லூமன். ஆள் மேல நீட்டவே வேண்டாம், தரையில அடிச்சாலே ரூம் பூரா தெரியும்" என்றான். நியாயமான பேச்சுதான். எங்கள் மஞ்சள் பல்பு 3 கட்டை லைட்டெல்லாம் சில பத்து லூமன் இருந்தால் பெரிசு. தரையில் அடித்த வெளிச்சத்தின் சிதறலிலேயே முகம் தெரிகிற காலம் வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் நடுராத்திரி தூக்கத்திலிருந்து எழுந்து, நெஞ்சு அடித்துக்கொள்கிற நேரத்தில், கை தரையைப் பார்க்காது. கண் போகிற இடத்துக்குக் கை போகும். பயிற்சி எடுத்தவனுக்கே அப்படித்தான். அதோடு வெள்ளைச் சுவர் உள்ள வீட்டுக்குள் 1000 லூமனை அடித்தால் சுவரில் பட்டுத் திரும்பி உன் கண்ணையே கூசவைக்கும். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக அரை மணி நேரம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். ராத்திரி காவலில் லைட்டு போடும்போது நாங்கள் ஒரு கண்ணை மூடிக்கொள்வோம். அணைத்த பிறகு அந்தக் கண் வேலைசெய்யும்.

அவன் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த ஒன்றையும் எடுத்துச் சொன்னேன். டல்லாஸுக்கு வடக்கே பிளேனோ, நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் ஊர். 2010 அக்டோபரில் அங்கே ஒருவரைப் பிடிக்கப் போன போலீஸ்காரரின் பிஸ்டலில் லைட்டு மாட்டியிருந்தது. அதன் சுவிட்சு ட்ரிக்கர் கார்டுக்குக் கீழே, பிடியோடு சேர்த்து விரலால் அழுத்துகிற மாதிரி. லைட்டைப் போட நினைத்து அழுத்தியவர் விரல் ட்ரிக்கரில் அமுங்கியது. எதிரே இருந்த ஆள் செத்துப்போனார். தினமும் துப்பாக்கி தொடுகிற தொழில்காரருக்கே அது நடந்தது. ஒரு கையில் ஒரு வேலை என்று பெரியவர்கள் பிரித்து வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

துப்பாக்கியில் லைட்டு மாட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எதிரே நிற்பது எது என்று ஏற்கெனவே தெரிந்த வேலைக்கு அது சரியான சாமான். சிறுத்தை வேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிம் கார்பெட் 1926 மே மாதம் ருத்ரபிரயாக் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது ரைஃபிளில் மாட்டிய டார்ச்சோடுதான். 8 வருடத்தில் 125 பேரைக் கொன்ற சிறுத்தை. அதற்குப் பயந்து ராத்திரி மனித நடமாட்டமே இல்லாத பாதை. மாமரத்தில் பரண், கீழே மணி கட்டிய ஆடு. மணி ஆடினால் வந்திருப்பது சிறுத்தைதான் என்று அவருக்குத் தெரியும். அங்கே குழலில் லைட்டு இருப்பதில் குற்றமில்லை. இந்தப் பக்கம் தருமபுரி, ஓசூர்க் காடுகளில் சுற்றிய கென்னத் ஆண்டர்சனும் குழலில் டார்ச் மாட்டித்தான் பரணில் உட்காருவார். கார்பெட் கதையில் இன்னொன்று: பல மாதம் சுமந்தும் அந்த டார்ச்சை அவர் உபயோகித்துப் பார்த்ததில்லை. அந்த முக்கியமான நொடியில் அது மங்கலாக ஒருமுறை மின்னிவிட்டு அணைந்துபோயிற்று. அதற்குள் அவர் சுட்டுவிட்டார். குண்டு பட்டதா இல்லையா என்று தெரியாமல் மிச்ச ராத்திரியை இருட்டில் கழித்தார்.

நம் தெருவில் மணி கட்டிய ஆடு கிடையாது. ராத்திரி 2 மணிக்குச் சத்தம் கேட்டால் அது எதுவாகவும் இருக்கலாம்.

1994, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளையில் எனக்கு ராத்திரி டூட்டி. சீசன் நேரம், பட்டாசு ரொக்கம் பெட்டகத்தில் நிறைய. அதனால் எல்லாருக்குமே கொஞ்சம் படபடப்பு. விடியக்காலை மூன்றரை மணி, கரண்ட் இல்லை. பெட்டக அறையின் பின்சுவர்ப் பக்கம் தகரம் உரசுகிற சத்தம். அந்தச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து. சுவரில் ஓட்டை போட வருகிறவன் அங்கேதான் வருவான் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

துப்பாக்கி வாரில் வலது தோளில். லைட்டு இடது கையில், உடம்பை விட்டு நன்றாகத் தள்ளி நீட்டியபடி. லைட்டைப் பார்த்துச் சுடுகிறவன் லைட்டு இருக்கும் இடத்தில்தான் சுடுவான், அதனால் அது நெஞ்சுக்கு நேரே இருக்கக்கூடாது. அமெரிக்கப் போலீசிலும் இப்படிக் கையை நீட்டிப் பிடிக்கும் முறை உண்டு என்று மாப்பிள்ளைதான் பிறகு சொன்னான். மூலையில் நின்று அதட்டினேன். பதில் இல்லை. லைட்டை அடித்தேன்.

முதலில் பளிச்சென்று தெரிந்தது ஒரு உலோகம். கடப்பாரை முனையோ, அரிவாளோ என்றுதான் யாருக்கும் தோன்றும். அது ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒன்பது, பத்து வயசுப் பையன், சுவரோடு சுவராக.

"ஏட்டையா, அடிக்காதீக" என்றான்.

அந்தக் காலத்தில் நம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியக்காலை 3, 4 மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வரும், தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகள் தூக்குவாளியோடு ஏறும், திரும்ப வருவதற்குள் இருட்டிவிடும். பிள்ளைகளைத் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வைக்கக்கூடாது என்று 1986லேயே சட்டம் வந்துவிட்டது. வண்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. சிவகாசிப் பிள்ளைகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பர் 10. இந்தப் பையன் அதற்கு இரண்டு வருடம் முந்தியவன். வண்டிக்குப் பயந்து ஒளிந்திருக்கிறான். ஒளிய இடம் தேடியவனுக்கு வங்கிச் சந்து கிடைத்திருக்கிறது.

துப்பாக்கி தோளில் இருந்தபடியே இருந்தது. லைட்டைத் தரைக்கு இறக்கி, "வாடா வெளிய, நான் ஏட்டு இல்ல" என்றேன். வாசல் படியில் உட்காரவைத்தேன். கடை திறந்ததும் டீயும் வருக்கியும் வாங்கிக் கொடுத்தேன். டீக்கடை அண்ணாச்சி அவனைப் பார்த்ததுமே இன்னார் மகன் என்று சொல்லிவிட்டார். டூட்டி மாறியதும் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் அம்மா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள், பிறகு அவனைப் பார்த்து அழுதாள். ஏஜெண்டிடம் முன்பணம் வாங்கியிருக்கிறது, பையன் போகாத நாளுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்றாள். அடுத்த வாரம் அதே வண்டி ஜன்னலில் அவனைப் பார்த்தேன். கையை ஆட்டினான்.

அன்றைக்கு லைட்டு குழலில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் சுட்டிருப்பேன் என்று சொல்லவில்லை. அவன் தூக்குவாளியின் மேலும் நெஞ்சின் மேலும் ஏறியிருப்பது ரெட்டைக்குழல். பயந்துபோய் அவன் ஓடியிருந்தால், வாளியை வீசியிருந்தால், என் விரல் என்ன செய்திருக்கும் என்று அளந்து பார்க்க எனக்கு இன்றைக்கும் மனசில்லை. தேவைப்பட்டால் லைட்டோடு சேர்த்தே இடது கையைக் குழலுக்கு அடியில் கொண்டுவந்து பிடிக்கலாம். ஒரு நொடி கூடுதலாகும், அவ்வளவுதான். அந்த ஒரு நொடியில்தான் எதிரே இருப்பது பிள்ளையா திருடனா என்பது தெரிகிறது.

துப்பாக்கியே வேண்டாத காவலும் நம் பக்கத்தில் இருக்கிறது. என் சம்பந்தி ஒருவர் வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலையில் வாட்ச்மேன். கம்பும் லைட்டும்தான் ஆயுதம். மருந்து அறைப் பக்கம் அந்த லைட்டையும் நம்ப முடியாது. சாதாரண பேட்டரி லைட்டு சுவிட்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி எழும். வீட்டில் அது ஒன்றும் செய்யாது. மருந்துத் தூள் பறக்கிற இடத்தில் அதுவே போதும். பொறி வெளியே வராதபடி மூடிய விளக்கு அதற்கென்றே தனியாக உண்டு. மருந்து வேலையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்வதும் இதற்காகத்தான். செல்போன், பீடி, தீப்பெட்டி எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். "தீப்பெட்டி ஊர்ல பெறந்து தீப்பெட்டிய ஒப்படைச்சுட்டு வேலைக்குப் போறேன் சம்பந்தி" என்பார்.

மாப்பிள்ளைக்கு நான் கடைசியாக எழுதியது இதுதான். இடுப்பில் சுமக்கிற துப்பாக்கியில் லைட்டு மாட்டாதே. மாட்டினால் கனம் கூடும், உறையும் அதற்கென்று தனியாக வாங்க வேண்டும். வீட்டுக்குள் பெட்டியில் பூட்டி வைக்கிற துப்பாக்கி என்றால் மாட்டிக்கொள். கதவைத் திறக்க, பிள்ளையைத் தூக்க, போனில் போலீசைக் கூப்பிட ஒரு கை மிச்சமாகும், அது பெரிய லாபம்தான். ஆனால் அப்போதும் தேடிப் பார்க்க ஒரு கை லைட்டு தனியாக இருக்க வேண்டும். துப்பாக்கி லைட்டை வைத்துச் சத்தம் வந்த இடத்தைத் தேடாதே, சாவியைத் தேடாதே, பாத்ரூம் போகிற பிள்ளையைத் தேடாதே. கை லைட்டை எப்போதும் ஒரே கையில் பிடித்துப் பழகு, துப்பாக்கிக் கையில் ஒருநாளும் பிடிக்காதே. சுவிட்சு பின்பக்கம் கட்டைவிரலில் அமுங்குகிற மாதிரி பார்த்து வாங்கு. போட்டதும் ஒரு நொடியில் அணைத்துவிட்டு நின்ற இடத்தை மாற்று.

அவனுக்கு எழுதாத ஒன்றும் உண்டு. அங்கே அந்தக் கை லைட்டை அவன் கரண்ட் போன அன்றைக்கு மட்டும்தான் எடுப்பான். இங்கே 2012இல் நாளைக்குப் பாதி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது என் லைட்டுதான் தெருவுக்கே துணை. கரிசல்காட்டு ஓரத்தில் வீடு கட்டியவர்களுக்குக் கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் விருந்தாளிகள் மாதிரி. லைட்டு அடிக்காமல் வாசல்படி இறங்கக் கூடாது என்பதை என் பேரன் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொண்டான்.

பேட்டரி விஷயத்தில் நம் வயசுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கட்டை லைட்டு வைத்திருப்பவர்கள் நீண்ட நாள் எடுக்காவிட்டால் கட்டைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள், கசிந்து உள்ளே பச்சை பூத்துவிடும். பயணத்தில் பைக்குள் தானாக எரியாமல் இருக்க மேல்கட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். பின்மூடிச் சுருளுக்குள் உபரி பல்பு ஒன்று இருக்கும், அது இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேர் வீட்டில் இருக்காது. இப்போது நான் தலைமாட்டில் வைத்திருப்பது சார்ஜ் போடுகிற எல்.இ.டி. லைட்டு. மாதம் 1ஆம் தேதி பென்ஷன் வந்ததா என்று பார்க்கிற கையோடு அதையும் சார்ஜில் போட்டுவிடுகிறேன்.